காப்பி லிக்கியூர்

காப்பி லிக்கியூர் என்பது வறுத்த காப்பிக் கொட்டையின் சாறு, காய்ச்சி வடித்த மது, சர்க்கரை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தயாரிக்கப்படும் இனிப்பு மதுபான வகை ஆகும். பெரும்பாலும் இதனுடன் வனிலா மணமும் சேர்க்கப்படுகிறது. இது கரும்பழுப்பு நிறமும் பாகு போன்ற தடிப்பும் கொண்டது. மதுசார அளவு பொதுவாகக் கன அளவில் 15 முதல் 35 விழுக்காடு வரை இருக்கும். மெக்சிக்கோவின் கலூவா, யமேக்காவில் தோன்றிய டியா மரியா, இத்தாலியின் போர்கெட்டி ஆகியவை பரவலாக அறியப்பட்ட வணிகப் பெயர்கள் ஆகும்.

இது தனியாகவும், பனிக்கட்டியுடனும், காக்டெயில் எனப்படும் கலவை மதுக்களிலும், இனிப்புப் பண்டங்களிலும் பயன்படுகிறது. சர்க்கரையும் காப்பியின் கசப்பும் மதுவின் காரத்தை மறைத்துவிடுவதால், இதன் வலிமையை நாவினால் அறிய முடிவதில்லை. எனவே இப்பானத்தைப் புரிந்துகொள்ள அதன் மதுசார அளவு, சர்க்கரை அளவு, காஃபீன் அளவு ஆகிய மூன்றையும் அறிவது இன்றியமையாதது.

பெயர்

லிக்கியூர் என்ற பிரெஞ்சுச் சொல்லும், மதுவகைகள் அனைத்தையும் குறிக்கத் தமிழ்ப் பேச்சு வழக்கில் இடம்பெறும் லிக்கர் என்ற ஆங்கிலச் சொல்லும், நீர்மம் என்னும் பொருள் தரும் இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஆயினும் இன்று இவற்றின் பொருள் வேறு. விஸ்கி, ரம், பிராந்தி, வோட்கா போன்ற காய்ச்சி வடித்த மதுக்கள் லிக்கர் எனப்படும். அத்தகைய மதுவில் பழம், மூலிகை, விதை, காப்பி போன்றவற்றின் மணத்தையும் போதிய அளவு சர்க்கரையையும் சேர்த்துப் பெறப்படுவதே லிக்கியூர்.

காப்பி லிக்கியூரும் காப்பி கலந்த மதுவும் ஒன்றல்ல. அயர்லாந்துக் காப்பி என்பது சூடான காப்பியில் விஸ்கியும் சர்க்கரையும் சேர்த்து, மேலே பாலேடு இட்டுப் பருகும் பானம். எசுப்பானியாவின் கரகீயோ என்பது காப்பியில் பிராந்தி அல்லது ரம் சேர்த்த பானம். இவை பருகும் வேளையில் கலக்கப்படுபவை. காப்பி லிக்கியூரோ முன்கூட்டியே தயாரித்துப் புட்டியில் அடைக்கப்பட்டு நெடுநாள் இருப்பது.

வரலாறு

மூலிகைகளை மதுவில் ஊறவைத்து இனிப்பூட்டும் முறை இடைக்கால ஐரோப்பாவில் துறவி மடங்களிலும் மருந்து தயாரிப்போரிடமும் வளர்ந்தது. காப்பி 17 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. இலண்டனின் முதல் காப்பியகம் 1652 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. புதிய மணப்பொருளான காப்பியும் காலப்போக்கில் லிக்கியூர் தயாரிப்பில் இடம்பெற்றது. 19 ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் மொக்கா என்ற பெயர் தாங்கிய இனிப்பு மதுக்கள் அறியப்பட்டிருந்தன.

இத்தாலியில் உகோ போர்கெட்டி என்பவர் 1860 ஆம் ஆண்டில் அங்கோனா நகரில் எஸ்பிரசோ காப்பியை அடிப்படையாகக் கொண்ட லிக்கியூர் ஒன்றை உருவாக்கினார் என்று அதனைத் தயாரிக்கும் நிறுவனம் கூறுகிறது. அங்கோனாவையும் பெசுக்காராவையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாதையுடன் இதன் தோற்றம் தொடர்புபடுத்தப்படுகிறது. இத்தாலியக் காற்பந்து அரங்குகளில் சிறு நெகிழிக் குப்பிகளில் விற்கப்பட்டதால் இது அந்நாட்டுப் பொதுமக்களிடையே நன்கு அறிமுகமானது.

மெக்சிக்கோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் 1936 ஆம் ஆண்டில் கலூவா தயாரிக்கப்படலாயிற்று. கரும்பு, அரபிக்கா வகைக் காப்பி, வனிலா ஆகிய மூன்றும் விளையும் நிலம் வெராக்ரூஸ் ஆகும். வனிலாக் கொடியின் தாயகங்களுள் ஒன்றாகவும் இம்மாநிலம் கருதப்படுகிறது. கரும்பிலிருந்து ரம்மும் சர்க்கரையும் கிடைப்பதால், ஒரு காப்பி லிக்கியூருக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அருகருகே கிடைத்தன. பின்னர் இவ்வணிகப் பெயர் பல கைகள் மாறி, 2005 ஆம் ஆண்டில் பிரான்சின் பெர்னோ ரிக்கார் நிறுவனத்திடம் சென்றது.

யமேக்காவில் காப்பிச் சாகுபடி 1728 ஆம் ஆண்டில் தொடங்கியது. அத்தீவின் காப்பியையும் ரம்மையும் கொண்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கென்னத் லீ எவான்சு என்பவர் டியா மரியாவை வணிக அளவில் தயாரித்தார். டியா என்பது எசுப்பானிய மொழியில் அத்தை, சித்தி முதலிய உறவுகளைக் குறிக்கும் சொல். போர்க் காலத்தில் தப்பியோடிய குடியேற்றக் குடும்பப் பெண் ஒருத்தியைக் காப்பாற்றிய மரியா என்னும் பணிப்பெண்ணின் பெயரே இதற்கு இடப்பட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. இது விற்பனைக்காகச் சொல்லப்பட்ட கதையாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. இவ்வணிகப் பெயரை 2009 ஆம் ஆண்டில் இத்தாலியின் இல்வா சரொன்னோ நிறுவனம் வாங்கியது.

21 ஆம் நூற்றாண்டில் தரமான காப்பியின் மீது மக்களுக்கு ஏற்பட்ட ஆர்வம் இத்துறையிலும் மாற்றத்தை உண்டாக்கியது. ஆத்திரேலியாவில் 2013 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மிஸ்டர் பிளாக், குளிர்ந்த நீரில் ஊறவைத்து எடுத்த காப்பிச் சாற்றை முதன்மையாகக் கொண்டு, சர்க்கரையைக் குறைத்துத் தயாரிக்கப்பட்டது. இதனை 2022 ஆம் ஆண்டில் டியாஜியோ நிறுவனம் வாங்கியது.

தயாரிப்பு முறை

காப்பி லிக்கியூர் தயாரிப்பில் காப்பிச் சாறு எடுத்தல், மதுவும் சர்க்கரையும் சேர்த்தல், தெளிவித்தல் என மூன்று படிகள் உள்ளன.

காப்பிச் சாறு எடுத்தல்

சாற்றை எடுக்கும் முறையே லிக்கியூரின் சுவையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

- சூடான நீரில் இறக்குதல்: வடிகட்டிக் காப்பிக்கு டிகாக்‌ஷன் இறக்குவதை ஒத்தது. நறுமணம் விரைவில் வெளிப்படும். புளிப்பும் கசப்பும் சேர்ந்தே இறங்கும்.
- குளிர்ந்த நீரில் ஊறவைத்தல்: கொரகொரப்பாக அரைத்த தூள் 12 முதல் 24 மணி நேரம் வரை ஊறவைக்கப்படும். புளிப்புக் குறைந்த, மென்மையான சாறு கிடைக்கும்.
- மதுவில் நேரடியாக ஊறவைத்தல்: மதுசாரம், நீரில் எளிதில் கரையாத எண்ணெய்ப் பொருள்களையும் கரைத்தெடுக்கும். எனவே மணம் செறிவாக இருக்கும். மிகுதியான நேரம் ஊறினால் கசப்பும் துவர்ப்பும் மேலோங்கும்.

காஃபீன் 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் 100 மி.லி. நீரில் ஏறத்தாழ 2 கிராம் வரை கரையும். கொதிநீரில் இது 60 கிராமுக்கும் மேற்பட்டுவிடும். ஆயினும் காப்பித்தூளில் உள்ள காஃபீன் மிகக் குறைந்த அளவினதாகையால், குளிர்ந்த நீரும் நேரம் கொடுத்தால் அதில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். குளிர்முறையில் எடுத்த சாற்றில் காஃபீன் இராது என்று எண்ணுவது தவறு.

மதுவும் சர்க்கரையும் சேர்த்தல்

அடிப்படை மதுவாக ரம், நடுநிலை வடிமது, பிராந்தி, டெக்கீலா போன்றவை பயன்படுகின்றன. கரும்பிலிருந்து வரும் ரம்மின் வெல்ல மணம் காப்பியுடன் இயல்பாகப் பொருந்துவதால் அது பரவலாக விரும்பப்படுகிறது. வோட்கா போன்ற நடுநிலை மது தன் மணத்தைக் காட்டாமல் காப்பியை முன்னிறுத்தும். சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. அது பானத்திற்குத் தடிப்பைத் தருகிறது, கசப்பை அடக்குகிறது, நுண்ணுயிர் வளர்ச்சியையும் தடுக்கிறது.

தெளிவித்தல்

கலவை சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை வைக்கப்படுகிறது. மண்டியும் எண்ணெய்த் துளிகளும் பிரிந்தபின் வடிகட்டிப் புட்டியில் அடைக்கப்படுகிறது. சில தயாரிப்பாளர்கள் நிறத்திற்காகக் கருக்கிய சர்க்கரைச் சாயத்தைச் சேர்ப்பதுண்டு. ஆகவே கருமை நிறம் மட்டும் காப்பியின் செறிவுக்குச் சான்றாகாது.

சட்ட வரையறைகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி லிக்கியூர் என்று பெயரிட, பானத்தில் குறைந்தது 15 விழுக்காடு மதுசாரமும், பொதுவாக லீட்டருக்குக் குறைந்தது 100 கிராம் இனிப்புப் பொருளும் இருக்க வேண்டும். பிரெஞ்சில் "கிறெம் டி" என்று தொடங்கும் பெயர்களுக்குப் பொதுவாக லீட்டருக்கு 250 கிராம் தேவை. இப்பெயரில் கிறெம் என்பது இனிப்பின் செறிவைக் குறிப்பதேயன்றிப் பாலேட்டைக் குறிப்பதன்று. பால் ஒவ்வாதவர்களும் பாற்பொருள் தவிர்ப்பவர்களும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். ஐக்கிய அமெரிக்காவில் லிக்கியூரின் எடையில் குறைந்தது 2.5 விழுக்காடு சர்க்கரை இருந்தால் போதுமானது.

வகைகள்

- பாகு வகை: கலூவா, டியா மரியா போன்றவை. இனிப்பு மிகுந்தவை. வனிலா மணம் கொண்டவை.
- எஸ்பிரசோ வகை: போர்கெட்டி போன்ற இத்தாலிய வகைகள். வறுத்த மணமும் கசப்பும் முன்னிற்பவை.
- குளிர்சாற்று வகை: மிஸ்டர் பிளாக் போன்றவை. இனிப்புக் குறைந்தவை.
- சிக்கரி வகை: ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரக் காப்பியைப் பின்பற்றிச் சிக்கரி சேர்த்துத் தயாரிக்கப்படுபவை. சிக்கரிக் காப்பிக்குப் பழகிய தென்னிந்தியர்களுக்கு இதன் மணம் அறிமுகமானதாகவே இருக்கும். சிக்கரி வேரில் காஃபீன் இல்லை.
- பாலேட்டு வகை: பாலேடு சேர்க்கப்பட்டவை. விரைவில் கெடும் தன்மையுடையவை.
- காப்பி மணமூட்டிய பிராந்தி: ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் மிகுதியாக விற்பனையான ஆலன்சு இவ்வகையைச் சேர்ந்தது. அங்கு இதனைப் பாலுடன் கலந்து பருகுவது வழக்கம்.

ஒரே வணிகப் பெயரிலும் வலிமை காலத்திற்கேற்ப மாறக்கூடும். கலூவாவின் மதுசார அளவு முன்னர் 26.5 விழுக்காடாக இருந்தது. 2004 ஆம் ஆண்டில் அது 20 ஆகவும், 2021 ஆம் ஆண்டில் 16 ஆகவும் குறைக்கப்பட்டது. பழைய செய்முறைக் குறிப்புகளைப் பின்பற்றுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

பருகும் முறைகள்

தனியாகப் பருகுதல்

உணவுக்குப் பின் 30 மி.லி. அளவில் சிறு கண்ணாடிக் குவளையில் பருகுவது வழக்கம். குளிர்ந்த நிலையில் இனிப்புக் குறைவாக உணரப்படும். அறை வெப்பநிலையில் மணம் மேலோங்கும். இனிப்பு மிகுந்த வகைகளைப் பெரிய பனிக்கட்டி ஒன்றின் மீது ஊற்றினால், கட்டி உருக உருகத் தடிப்புக் குறைந்து காப்பியின் சுவை தெளிவாகும். தரத்தை அறிய விரும்புவோர் முதலில் எதுவும் கலக்காமல் ஒரு மிடறு பருகிப் பார்க்கலாம். சர்க்கரை நாவிலிருந்து அகன்றபின் வறுத்த காப்பியின் கசப்பு எஞ்சி நின்றால் காப்பி செறிவாக உள்ளது எனலாம். வனிலா மணமும் இனிப்பும் மட்டுமே எஞ்சினால் காப்பி குறைவு.

காக்டெயில்கள்

பிளாக் ரஷ்யன்: 50 மி.லி. வோட்கா, 20 மி.லி. காப்பி லிக்கியூர் ஆகியவற்றைப் பனிக்கட்டியின் மீது ஊற்றிக் கலக்குவது. பிரசெல்சு நகரின் மெட்ரோபோல் விடுதியில் பணியாற்றிய குசுத்தாவ் டாப்சு என்பவர், லக்சம்பர்க்குக்கான ஐக்கிய அமெரிக்கத் தூதர் பெர்ல் மெசுட்டாவுக்காக 1949 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார் என்று கூறப்படுகிறது. பெயரில் ரஷ்யா இருப்பது வோட்காவின் காரணமாகவே. இது ரஷ்ய நாட்டுப் பானம் அன்று.

வைட் ரஷ்யன்: மேற்கண்ட கலவையின் மீது 30 மி.லி. பாலேடு மிதக்கவிடப்படுவது. கோயன் சகோதரர்களின் 1998 ஆம் ஆண்டுத் திரைப்படமான தி பிக் லெபௌஸ்கியில் முதன்மைக் கதைமாந்தர் இதனையே விரும்பிப் பருகுவார். அப்படத்தின் பின்னர் இதன் புகழ் மீண்டும் பெருகியது.

எஸ்பிரசோ மார்ட்டினி: 50 மி.லி. வோட்கா, 30 மி.லி. காப்பி லிக்கியூர், 10 மி.லி. சர்க்கரைப் பாகு, ஒரு எஸ்பிரசோ ஆகியவற்றைப் பனிக்கட்டியுடன் வலுவாகக் குலுக்கி வடிப்பது. இலண்டனில் 1980களில் டிக் பிராட்செல் உருவாக்கியது. மேலே தோன்றும் நுரை, புதிதாக இறக்கிய எஸ்பிரசோவில் உள்ள எண்ணெய்களும் வளிமமும் குலுக்கப்படுவதால் உண்டாகிறது. ஆறிப்போன காப்பியில் இந்நுரை நன்கு எழுவதில்லை.

பி-52: காப்பி லிக்கியூர், அயர்லாந்துப் பாலேட்டு லிக்கியூர், ஆரஞ்சு லிக்கியூர் ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக 20 மி.லி. வீதம் ஊற்றி அடுக்குவது. சர்க்கரை மிகுந்த நீர்மம் அடர்த்தி மிகுந்தது. ஆகையால் காப்பி லிக்கியூர் அடியில் தங்கும். மற்றவற்றைக் கரண்டியின் முதுகின் மீது மெல்ல ஊற்றினால் அடுக்குகள் கலவாமல் நிற்கும்.

பாலுடனும் காப்பியுடனும்

பனிக்கட்டியிட்ட பாலில் ஒரு பங்கு லிக்கியூருக்கு மூன்று அல்லது நான்கு பங்கு பால் என்ற அளவில் கலந்து பருகலாம். காப்பியில் இயற்கையாகவே அமிலம் உண்டு. மதுசாரமும் அதனுடன் சேரும்போது கொழுப்புக் குறைந்த பால் திரிந்துவிடக் கூடும். கொழுப்பு மிகுந்த பாலேடு எளிதில் திரிவதில்லை. பாலைக் குளிர்ந்த நிலையில் பயன்படுத்துவதும் இதனைத் தவிர்க்கும். சூடான காப்பியில் சேர்க்கும்போது தனியாகச் சர்க்கரை இடத் தேவையில்லை.

உணவுப் பண்டங்களில்

குளிர்களி எனப்படும் ஐஸ்கிரீமின் மீது ஊற்றுதல், சாக்கலேட்டுக் கேக்கில் தெளித்தல், டிராமிசு செய்யும்போது காப்பியுடன் சேர்த்து ரொட்டிகளை நனைத்தல் ஆகியவை வழக்கமான பயன்பாடுகள்.

சூடுபடுத்தினால் மதுசாரம் முழுவதும் ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது சரியன்று. ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணையின்படி எஞ்சும் அளவுகள் பின்வருமாறு:

- சூடுபடுத்தாமல் ஓரிரவு வைத்தால் 70 விழுக்காடு
- தீமூட்டி எரியவிட்டால் 75 விழுக்காடு
- கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 விழுக்காடு
- கலந்து 1 மணி நேரம் வேகவைத்தால் 25 விழுக்காடு
- கலந்து 2.5 மணி நேரம் வேகவைத்தால் 5 விழுக்காடு

டிராமிசு போன்ற பண்டங்கள் அடுப்பில் வைக்கப்படுவதில்லை. ஆகவே சமய நெறி, கருவுற்றிருத்தல், மருந்து உட்கொள்ளல், குடியிலிருந்து மீண்டு வருதல் முதலிய காரணங்களால் மதுவைத் தவிர்ப்போருக்கும், சிறுவர்களுக்கும் இவற்றைப் பரிமாறுமுன் உள்ளடக்கத்தைக் கூறுவது அவசியம். அவர்களுக்காகச் செய்யும்போது செறிவான டிகாக்‌ஷனில் சர்க்கரையும் சிறிது வெல்லமும் கரைத்துப் பயன்படுத்தலாம். சாறுகளாக விற்கப்படும் வனிலாவிலும் மதுசாரம் இருப்பதுண்டு என்பதால், வனிலா விதையையோ மதுசாரம் சேராத மணப்பொருளையோ தேர்வது நன்று.

வீட்டில் தயாரித்தல்

காப்பி லிக்கியூரை வீட்டில் தயாரிப்பது என்பது கடையில் வாங்கிய மதுவுடன் சாற்றையும் சர்க்கரையையும் கலப்பதே ஆகும். இதில் மது வடித்தல் இல்லை. உரிமம் இல்லாமல் மது வடிப்பது இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் குற்றம் என்பதோடு, உயிருக்கு ஆபத்தானதும் ஆகும்.

தேவையான பொருள்கள்:

- கொரகொரப்பாக அரைத்த, சிக்கரி சேராத காப்பித்தூள் 100 கிராம்
- நீர் 500 மி.லி.
- சர்க்கரை 250 கிராம்
- ரம் 375 மி.லி.
- வனிலா விதை 1

தூளைக் குளிர்ந்த நீரில் 12 முதல் 18 மணி நேரம் வரை குளிர்பதனப் பெட்டியில் ஊறவைத்து, மெல்லிய துணியிலும் பின்னர் வடிதாளிலும் வடிகட்ட வேண்டும். தூள் தன் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீரை உறிஞ்சிக்கொள்வதால் சுமார் 300 மி.லி. சாறு கிடைக்கும். அதில் சர்க்கரையைக் கரைக்க வேண்டும். சர்க்கரை கரைய இளஞ்சூடு காட்டினால், நன்கு ஆறிய பின்னரே ரம்மைச் சேர்க்க வேண்டும். எத்தனால் 78 பாகை செல்சியசில் கொதிக்கும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பின் அருகில் மதுவை ஊற்றலாகாது. கீறிய வனிலா விதையை இட்டு, கண்ணாடிப் புட்டியில் ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் வைத்து மீண்டும் வடிகட்டலாம்.

இதன் வலிமையைக் கணக்கிடுவது எளிது. இந்தியாவில் விற்கப்படும் ரம் பொதுவாக 42.8 விழுக்காடு மதுசாரம் உடையது. 375 மி.லி. ரம்மில் சுமார் 160 மி.லி. மதுசாரம் இருக்கும். 250 கிராம் சர்க்கரை கரையும்போது ஏறத்தாழ 155 மி.லி. கன அளவைக் கூட்டும். மொத்தம் சுமார் 830 மி.லி. ஆகவே வலிமை ஏறத்தாழ 19 விழுக்காடு. காப்பிச் சாற்றை இரு மடங்காக்கினால் வலிமை 14 விழுக்காடாகக் குறையும். அந்நிலையில் பானம் நெடுநாள் கெடாமல் இருக்கும் என்று நம்ப இயலாது.

மதுசாரம், சர்க்கரை, காஃபீன் அளவுகள்

20 விழுக்காடு மதுசாரம் உள்ள லிக்கியூரின் 30 மி.லி. அளவில் 6 மி.லி., அதாவது சுமார் 4.7 கிராம் மதுசாரம் உண்டு. லீட்டருக்கு 400 கிராம் சர்க்கரை உள்ள ஒரு வகையாயின் அதே அளவில் 12 கிராம் சர்க்கரை இருக்கும். இது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிக்குச் சமம். இரண்டும் சேர்ந்து சுமார் 80 கிலோகலோரி ஆற்றலைத் தரும். நீரிழிவு உடையோர் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும்.

கலவை மதுக்களில் வலிமை வேறு. ஒரு வைட் ரஷ்யனில் 50 மி.லி. வோட்காவிலிருந்து 20 மி.லி., 20 மி.லி. லிக்கியூரிலிருந்து 4 மி.லி. என மொத்தம் 24 மி.லி., அதாவது சுமார் 19 கிராம் மதுசாரம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் ஒரு குவளை மது என்று கணக்கிடப்படும் 14 கிராமை விட இது கூடுதல். பாலும் இனிப்புமாகச் சுவைப்பதால் பருகுபவர் இதனை உணர்வதில்லை.

இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 100 மி.லி. குருதியில் 30 மில்லிகிராம் மதுசாரம் ஆகும். 60 கிலோகிராம் எடையுள்ள ஆண் ஒருவர் வெறும் வயிற்றில் ஒரு வைட் ரஷ்யனைப் பருகினால், விட்மார்க் சமன்பாட்டின்படி அவரது குருதியில் இது ஏறத்தாழ 45 மில்லிகிராம் வரை உயரக்கூடும். பெண்களுக்கு இது பொதுவாக இன்னும் கூடுதலாக இருக்கும். எனவே ஒரே ஒரு குவளையும் சட்ட வரம்பைக் கடக்கப் போதுமானது.

வணிக வகைகளில் காஃபீன் குறைவு. கலூவாவில் இது ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 100 பங்கு எனக் கூறப்படுகிறது. அதாவது 30 மி.லி. அளவில் சுமார் 3 மில்லிகிராம். ஒரு எஸ்பிரசோவில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் இருக்கும். வீட்டில் தயாரிப்பவற்றின் நிலை வேறு. அரபிக்காக் கொட்டையின் எடையில் ஏறத்தாழ 1.2 விழுக்காடு காஃபீன் உள்ளது. மேற்கண்ட செய்முறையின் 100 கிராம் தூளில் 1.2 கிராம் இருக்கும். அதில் சுமார் 0.7 கிராம் சாற்றில் இறங்குவதாகக் கொண்டால், 30 மி.லி. லிக்கியூரில் 25 மில்லிகிராம் அமையும். ரொபஸ்டா வகையாயின் இது ஏறத்தாழ இரு மடங்காகும். இரவில் பருகுவோரின் உறக்கத்தை இது கெடுக்கக்கூடும்.

உடல்நலம்

காப்பி குடித்தால் போதை தெளியும் என்பது தவறான நம்பிக்கை ஆகும். மதுசாரத்தைச் சிதைப்பது கல்லீரல். காஃபீன் அவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. காஃபீன் தூக்கக் கலக்கத்தை மட்டுமே குறைக்கும். கை கால்களின் தடுமாற்றமும் முடிவெடுக்கும் திறனின் குறைவும் அப்படியே இருக்கும். தாம் தெளிவாக இருப்பதாக எண்ணி மேலும் பருகுவதும் வாகனம் ஓட்டுவதுமே இதிலுள்ள இடர். லிக்கியூரை விட, அதனுடன் எஸ்பிரசோவும் சேர்க்கப்படும் கலவை மதுக்களில் இவ்விடர் மிகுதி.

இக்காரணத்தாலேயே ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், காஃபீனைத் தனியாகச் சேர்த்த மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களை 2010 ஆம் ஆண்டு நவம்பரில் எச்சரித்தது. காப்பியிலிருந்து இயல்பாக வரும் காஃபீன் மட்டுமே உள்ள லிக்கியூர்கள் அந்நடவடிக்கைக்கு உட்படவில்லை.

மதுபானங்கள் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவன என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. உடல்நலத்திற்குத் தீங்கற்ற மது அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஆம் ஆண்டில் தெரிவித்தது. இனிப்பு மதுக்களும் இதற்கு விலக்கல்ல. கருவுற்றோரும், கல்லீரல் நோயுள்ளோரும், தூக்க மருந்து உட்கொள்வோரும் இதனை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

சேமிப்பு

பாலேடு சேராத வகைகளை மூடி இறுக்கி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். திறந்தபின் கெட்டுப்போவதற்கு முன்னரே காப்பியின் மணம் மங்கத் தொடங்கும். ஆகையால் சில மாதங்களில் தீர்ப்பது நன்று. பாலேட்டு வகைகளைப் புட்டியில் குறித்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். புளித்த மணம், திரிதல், மேலே படலம் தோன்றுதல் ஆகியவை கெட்டதற்கான அறிகுறிகள். வீட்டில் தயாரித்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, புட்டியின் மீது தயாரித்த நாளையும் அதில் மது உள்ளது என்பதையும் எழுதி ஒட்டுதல் வேண்டும். நிறத்தாலும் மணத்தாலும் இது ஆறிய டிகாக்‌ஷனைப் போன்றே இருப்பதால், வீட்டிலுள்ள பிறர், குறிப்பாகச் சிறுவர்கள், அறியாமல் எடுத்துப் பருகிவிடக் கூடும்.

இவற்றையும் பார்க்க

- காப்பி
- காஃபீன்
- ரம்
- வனிலா
- சிக்கரி
- மதுபானம்